இரண்டு படத்திலும் இல்லாத ஆள்

இந்த மாதிரிக் கதை சொல்கிறவர்களை நான் நம்பியதே இல்லை. பேய் விழுந்திருக்கிறது என்று ஒருவர் கொண்டுவந்த போட்டோவில் லென்ஸ் தூசியைக் காட்டி அனுப்பி வைத்தவன் நான். நீங்களும் என்னை அப்படி அனுப்பலாம், வாதாட எனக்குத் தெம்பில்லை.

அரூரில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். சித்தேரி மலையில் சாமை போடுகிறவர்கள் ஒரு கண்காட்சிக்காக முப்பரிமாணப் படம் கேட்டிருந்தார்கள். இரண்டு கேமராவை ஒரே பலகையில் பக்கத்தில் பக்கத்தில் பூட்டி ஒன்றாக எடுப்பது. இடது படம் இடது கண்ணுக்கு, வலது படம் வலது கண்ணுக்கு. எடுப்பது கூடப் பெரிதில்லை, எதை எதில் காட்டுவது என்று பிரிப்பதுதான் ஆளை உறிஞ்சிவிடும். திரைக்கு என்றால் கிட்டத்தில் எதுவும் நீட்டிக்கொண்டு நிற்கக் கூடாது, பார்க்கிறவருக்குத் தலை வலிக்கும். சிவப்பு நீலக் கண்ணாடிக்கு என்றால் சிவப்புப் புடவை ஆகாது, கண் கூசும். நல்ல ஆழமான படத்தை, கண்ணில் வைத்துப் பார்க்கும் லென்ஸ் பெட்டிக்கு ஒதுக்கலாம்.

கல்யாண சீசன் முடிந்து உடம்பு அடித்துப் போட்டாற்போல் இருந்த ஒரு மதியம், வெள்ளச்சி என்கிற பெண் தன் காட்டில் நிற்கிற படம் கைக்கு வந்தது. முன்னால் சாமைக் கதிர், உடுத்தியிருந்தது சிவப்புப் புடவை. சரி, பெட்டிக்குத்தான் என்று போட்டுப் பார்த்தேன். அவருக்குப் பின்னால் ஒரு பாறை, அதற்குப் பின்னால் வேலி. நம்பினால் நம்புங்கள், பாறைக்கும் வேலிக்கும் நடுவில் ஒரு ஆள் நின்றார். தோளில் கயிற்றுச் சுருள். வெளியே எடுத்து இடது படத்தைப் பார்த்தேன், இல்லை. வலதிலும் இல்லை. திரும்பப் பெட்டியில் போட்டால் நிற்கிறார். தூக்கம் கெட்ட கண் என்று முகத்தைக் கழுவிவிட்டு வந்தேன்.

அப்போதுதான் வெள்ளச்சியும் அவர் கொழுந்தனும் வந்தார்கள், ஊர் பார்க்கிற படத்தை முதலில் தான் பார்க்க வேண்டும் என்று வெள்ளச்சி முன்பே சொல்லியிருந்தார். அவர் புருஷன் தேன் எடுக்கக் காட்டுக்குள் போனவர், திரும்பவில்லை. காரியம் செய்துவிடலாம் என்று வீட்டார் சொல்லச் சொல்ல, உடம்பைக் காணாமல் செய்ய மாட்டேன் என்று நின்றவர் வெள்ளச்சி.

நான் பார்த்ததைப் பற்றி மூச்சு விடவில்லை. பெட்டியை மட்டும் வெள்ளச்சியிடம் நீட்டினேன். வெகுநேரம் கண்ணில் வைத்திருந்தார்.

"பாறைக்குப் பின்னால நிக்கறாருங்க. கயித்தத் தோள்ல போட்டுக்கிட்டு" என்றார். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. பிறகு கொழுந்தனைப் பார்த்து, "வூட்டுக்குப் போயி காரியத்துக்கு நாள் பாருங்க தம்பி. எனக்கும் காத்துக் காத்து அலுத்துப் போச்சு" என்று சொல்லிவிட்டு வெளியே போய் நிழலில் உட்கார்ந்துகொண்டார்.

கொழுந்தன் பெட்டியை வாங்கிப் பார்த்தார். அவருக்குப் பாறையும் வேலியும்தான் தெரிந்தன. நான் வாங்கிப் பார்த்தேன், எனக்கும் அவ்வளவுதான். அன்றைக்கு அப்புறம் ஒருதடவை கூட அந்த ஆளை நான் பார்க்கவில்லை.

"அண்ணிக்கு என்னங்க காட்டுனீங்க?" என்று கேட்டார்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். இது ரெண்டு கண்ணாலும் சேர்ந்து பார்க்கிற படம், ஒரு கண்ணை மூடினால் வெறும் தட்டைப் படம்தான், ரெண்டும் சேரும்போது சில சமயம் ஏதாவது இருக்கிற மாதிரித் தோன்றும் என்று இழுத்தேன்.

கொழுந்தன் வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துச் சொன்னார்.

"பாத்தா தெரியாதுங்க. அண்ணிக்குச் சின்னதுலயே அம்மை போட்டு எடது கண்ணுல பார்வையே கெடையாதுங்களே."

காரியம் நல்லபடியாக நடந்ததாகச் சொன்னார்கள். அந்தப் படத்தை நான் எதிலும் காட்டவில்லை. எப்போதாவது வலது படத்தை மட்டும் எடுத்து, இடது கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறேன். பாறை இருக்கிறது, வேலி இருக்கிறது. வெள்ளச்சி பார்த்தது இந்தப் படத்தை மட்டும்தான்.