மச்சானை வழியனுப்பிய ஜெபம்

என் அக்கா வீட்டுக்காரர் முப்பத்தைந்து வருஷம் தண்ணீர் மோட்டார் ரிப்பேர் பார்த்து ஓய்வு பெற்றவர். சபையில் அவருக்கு எப்போதும் கடைசி பெஞ்சுதான். பிரசங்கம் தொடங்கினால் குறட்டையும் தொடங்கிவிடும். நானோ இருபது வருஷமாக ஞாயிறுதோறும் ஜெபம் நடத்துகிறவன். வெளிநாட்டு ஊழியத்துக்கு ஓய்வு பெற்ற ஆட்கள் வேண்டும் என்று அறிவித்ததும் இரண்டு பேரும் மனு கொடுத்தோம்.

"கையால என்ன வேலை தெரியும்?" என்று நேர்காணலில் கேட்டார்கள்.

"நல்லா பிரசங்கம் பண்ணுவேன்" என்றேன்.

மச்சானைத்தான் எடுத்தார்கள். அங்கே மிஷன் ஆஸ்பத்திரியில் மோட்டார் ஆறு மாதமாக ஓடவில்லையாம். அக்கா அவர் பெட்டியில் ஸ்பேனர்களைத் துணியில் சுற்றி அடுக்கினாள். இடம் போதாமல் பைபிளை வெளியே எடுத்து வைத்தாள். எனக்கு வயிறு எரிந்தது.

வழியனுப்பும் ஆராதனையில் ஜெபிக்க என்னையே கூப்பிட்டார்கள். மச்சான் அன்றைக்குத்தான் முதல் வரிசைக்கு வந்து முழங்கால் போட்டிருந்தார். எல்லோரும் கண்ணை மூடினார்கள்.

"ஆண்டவரே, அந்த ஊர்த் தண்ணி இவருக்கு ஒத்துக்கணும்" என்று ஒழுங்காகத்தான் ஆரம்பித்தேன். அதற்குமேல் நாக்கு என் பேச்சைக் கேட்கவில்லை. "ஒத்துக்கலைன்னா சீக்கிரமா எங்ககிட்டயே திருப்பி அனுப்பிடுங்க, ஆண்டவரே. ஒரே மாசத்துல அனுப்பினாலும் சந்தோஷம்தான்."

சபையே உருகி ஆமென் சொன்னது. மச்சான் எழுந்து என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்.

"இவ்வளவு பாசத்தையும் உள்ளயே வெச்சிருந்தியா, மாப்ள!"

அதற்கும் ஆமென் என்றேன்.