பெரிசும் புதுப் பாடகியும்

லிஃப்ட் கதவில் அவர் காதை ஒட்டவைத்து நிற்கும்போது பக்கத்தில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. குடியிருப்பின் செயலாளரே வந்து பேசினாலும் பதிலுக்கு ஒரு விரல்தான் உயரும். ஏழாவது மாடியிலிருந்து பெட்டி இறங்கிவரும் சத்தத்தை முழுக்கக் கேட்டு முடித்த பிறகு கண்ணைத் திறப்பார். "ரெண்டாவது ஆல்பம், அஞ்சாவது பாட்டு. ஆரம்பத்துல பேஸ் கிட்டார் ஒண்ணு உறுமுமே, அதே சத்தம். பேரிங் போயிடுச்சு சார்." செயலாளருக்குக் கடைசி வாக்கியம் மட்டும் புரியும்.

லிஃப்ட் மெக்கானிக். வயது ஐம்பத்திரண்டு. பின்வாங்கிக்கொண்டே போகும் முன்முடி, எத்தனை தேய்த்தாலும் கிரீஸ் போகாத நகங்கள், சட்டைப் பையில் டெஸ்டர். ஒரு காதில் மட்டும் இயர்போன் மாட்டியிருப்பார். அதற்குள் டிரம்ஸ் இடி இடித்துக்கொண்டிருக்கும். "ரெண்டு காதுலயும் மாட்டக் கூடாது. இன்னொரு காது கம்பெனியோடது." பழுது பார்த்த லிஃப்டில் முதலில் ஏறிப் போய்வருகிறவரும் அவர்தான். வைத்தியன் தன் மருந்தைத் தானே குடிக்காவிட்டால் நோயாளி எப்படிக் குடிப்பான் என்பது அவர் கட்சி.

அவர் உயிராக நேசிக்கும் ராக் பேண்டுக்கு ஊரில் நாற்பது ரசிகர்கள் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். பாதிப் பேருக்கு இன்னும் மீசை சரியாக முளைக்கவில்லை. அங்கே இவர் பெயர் 'பெரிசு'. அதில் அவருக்கு வருத்தமே கிடையாது. "சார்னு கூப்பிட்டா அப்புறம் எவன் எங்கூடச் சண்டை போடுவான்?"

இது முப்பத்தெட்டு வயதில் பிடித்த பைத்தியம். அதுவரை ஒண்டிக்கட்டையாக இருந்தவர், கணவரை இழந்த ஒரு நர்ஸைக் கல்யாணம் செய்துகொண்டார். அந்த அம்மாவுக்கு ஒன்பது வயதில் ஒரு மகள். அவள் இவரை எந்த முறை சொல்லியும் அழைக்கவில்லை. "இங்க பாருங்க" என்பதோடு சரி. இவர் வீட்டுக்குள் கால் வைத்ததும், செத்துப்போன அப்பா வாங்கிவைத்திருந்த இந்த பேண்டின் சி.டி.யைப் போட்டு ஒலியை உச்சத்தில் வைப்பாள். ஆளை விரட்டத்தான். ஜன்னலோரம் ஒரு சாய்வு நாற்காலி இருந்தது. அது அந்த மனிதர் உட்கார்ந்த நாற்காலி என்பதால் முதல் வருடம் முழுக்க இவர் அதன் பக்கமே போகவில்லை. தரையில் உட்கார்ந்து, வேறு வழியில்லாமல் பாட்டைக் கேட்டார்.

ஒருநாள் அவள் அறைக் கதவைத் தட்டினார். "பாப்பா, நாலாவது பாட்டுல ஒரு இடத்துல டிரம்ஸ் டக்குனு நிக்குதே. சி.டி. கீறலா, இல்ல அவங்களே நிறுத்துறாங்களா?"

கதவு ஒரு சாண் திறந்தது. "அவங்களேதான். அப்பாவுக்கு அந்த இடம்தான் ரொம்பப் பிடிக்கும்."

"எனக்குந்தான்."

அன்றைக்கு அந்த ஓர் இடத்தையே இரண்டு பேரும் பதினோரு தடவை கேட்டார்கள். இதைச் சொல்ல வரும்போதெல்லாம் அவருக்குக் குரல் இறங்கிவிடுகிறது. "அந்தப் பசங்க வாசிக்கலேன்னா எனக்கு மகள்னு ஒருத்தி கெடைச்சிருக்க மாட்டா. நான் முகம்கூடப் பார்க்காத அந்த மனுஷன், சி.டி.யை வாங்கி வச்சுட்டுப் போனாரே, அவரையும் சேர்த்துக் கும்பிடணும்."

மூன்று வருடத்துக்கு முன் பேண்டின் பாடகர் இறந்தார். பேண்டும் அதோடு ஓய்ந்தது. மகள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. போன மாதம் திடீரென்று அறிவிப்பு வந்தது: புதுப் பாடகியோடு திரும்பி வருகிறார்கள். குழு கொதித்துவிட்டது. "மாப்பிள்ளை போனப்புறம் கல்யாணமா?" என்றான் ஒருவன். "செத்தவர் பேரை வித்துப் பொழைக்கிறாங்க" என்றாள் இன்னொருத்தி. கச்சேரிக்குப் போய், முதல் பாட்டிலேயே கூண்டோடு எழுந்து வெளியேறுவது என்று தீர்மானமாயிற்று.

மகளுக்கு இப்போது இருபத்து மூன்று வயது. அவளும் போனை மேஜையில் போட்டுவிட்டுப் பொரிந்தாள். "அவர் இடத்துல இன்னொருத்தர் வந்து நின்னுட்டா எல்லாம் சரியாயிடுமா?"

சொல்லி முடித்த பிறகுதான் யார் எதிரில் சொன்னோம் என்பது உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். "சரியாகாதும்மா. வந்து நிக்கிறவங்களுக்கும் அது தெரியும்" என்றார். கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

குழுவில் நல்ல நாளிலேயே ஒரு வரிக்கு மேல் எழுதாதவர், அன்று மதியம் லிஃப்ட் மோட்டார் அறையில் உட்கார்ந்து தட்டுத்தடுமாறி எழுதினார்: "தம்பிகளா, தங்கச்சிகளா, அந்தப் பொண்ணுக்கு மூணு பாட்டு டைம் குடுங்க. அதுக்கப்புறமும் எழுந்து போறதா இருந்தா நானும் உங்ககூட வர்றேன்." கேலிப் பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. கடைசியாக மகளிடமிருந்து ஒரு வரி: "ரெண்டு டிக்கெட் எடுத்துட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக் கச்சேரி. மேடை நடுவில் பழைய பாடகரின் மைக் ஸ்டாண்ட் நின்றிருந்தது. புதுப் பாடகி அதனிடம் போகவில்லை. நாலடி தள்ளி வேறொரு மைக்கைப் பிடித்துக்கொண்டாள். "அங்க நிக்க எனக்கு இன்னும் தைரியம் வரல. பாட்டெல்லாம் சும்மா பூட்டிக் கெடக்க வேண்டாம்னு இவங்க கூப்பிட்டாங்க, வந்துட்டேன்" என்றாள்.

முதல் பாட்டில் குரல் உதறியது. பின்வரிசையிலிருந்து கேலியாக ஒரு விசில். "புது மோட்டார். ஓட ஓடத்தான் செட்டாகும்" என்று அவர் மகளின் காதில் முணுமுணுத்தார். அவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டாவது பாட்டில் நடுக்கம் குறைந்தது. மூன்றாவது, புதுப் பாட்டு. யாருக்கும் வரி தெரியாது. அதை எந்தக் குரலோடும் ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. பாடகியும் அதற்காகவே காத்திருந்தவள்போல் கண்ணை மூடி, அடிவயிற்றிலிருந்து எடுத்துவிட்டாள். பல்லவி இரண்டாம் முறை வந்தபோது பக்கத்தில் யாரோ சேர்ந்து கத்துகிறார்களே என்று அவர் திரும்பினார். மகள்தான். கட்டியிருந்த கை எப்போது அவிழ்ந்ததோ தெரியவில்லை. குழுவிலிருந்து எழுந்தவர்கள் ஆடத்தான் எழுந்தார்கள்.

வெளியே வரும்போது குழுவின் பையன் ஒருவன் தோளில் தட்டினான். "பெரிசு, மூணு பாட்டு முடிஞ்சு ஒன்றரை மணி நேரம் ஆச்சு. கிளம்பலையா?"

"உங்ககூட வர்றேன்னு சொன்னேன். நீங்க கிளம்பவே இல்லையேடா!"

மகள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். "அந்தப் பொண்ணு..." அதற்கு மேல் காற்றுதான் வந்தது. கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. சிரித்தபடி கழுத்தைத் தொட்டுக் காட்டினாள்.

அவர் எதிரே இருந்த டீக்கடையில் ஒரு காகிதக் கப்பில் வெந்நீர் வாங்கினார். வெறும் கப் இன்னொன்றும் கேட்டு வாங்கிக்கொண்டார். கூட்டம் இருபக்கமும் இடித்துக்கொண்டு போனது. அவர் அவசரப்படாமல், ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்றி மாற்றி ஆற்றினார். ஒரு சொட்டைத் தன் புறங்கையில் விட்டுப் பார்த்தார். இன்னும் ஒருமுறை ஆற்றினார். பிறகு அவளிடம் நீட்டினார்.