ஐந்து நிமிடச் சாட்சி

எங்கள் வேனில் ஏறுகிறவர்கள் முதலில் காலை வைக்க இடம் தேட வேண்டும். பின் இருக்கையைக் கழற்றிவிட்டுத்தான் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளை ஏற்றியிருக்கிறோம். கீபோர்ட் நடு இருக்கையில், மகளின் மடிக்கும் மகனின் மடிக்கும் குறுக்கே படுத்திருக்கும். அதன்மேல் கொப்பியை விரித்து மகள் வீட்டுப்பாடம் செய்வாள். வளைவு வந்தால் பேனாவைத் தூக்கிவிட்டு, வளைவு முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து எழுதுவாள். கலஹா ரோட்டில் செய்த கணக்குகளில் எழுத்துத்தான் கோணல், விடை சரியாக இருக்கும்.

கணவருக்குக் கிழமை நாட்களில் பல்லேகலயில் ஒரு தொழிற்சாலைக் களஞ்சியத்தில் வேலை. சனியும் ஞாயிறும் வேனுக்குச் சொந்தம். கண்டியைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் எங்கே கிறிஸ்தவச் சபை இருந்தாலும், கூப்பிட்டால் போய்ப் பாடுவோம். அவர் கிட்டார், பதினான்கு வயது மகள் கீபோர்ட், நான் இரண்டாம் குரல். முன்னால் நின்று பாடுவது ஒன்பது வயது மகன். 'ஊழியக் குடும்பம்' என்று மேடையில் அறிமுகப்படுத்துவார்கள். அந்தக் குடும்பம் அரைமணி நேரத்துக்கு முன்புதான் மீன் அடைத்த கடைசி மாலு பாணை யார் தின்றது என்று வேனுக்குள் சண்டை பிடித்திருக்கும். சபையின் கூரை கண்ணில் பட்டதும் சண்டை நிற்க வேண்டும், மிச்சத்தைத் திரும்பி வரும்போது போட்டுக்கொள்ளலாம் என்பது எங்கள் சட்டம்.

மலை ஏறும்போது மகனுக்கு வாந்தி வரும். வாந்தி எடுக்க ஒரு சிலிசிலி பொலித்தீன் பையும் ஒரு எலுமிச்சங்காயும் இல்லாமல் நான் புறப்பட்டதே இல்லை. வாந்தி எடுத்து முடித்து, வாயைக் கொப்புளித்துவிட்டு, பத்து நிமிடத்தில் மேடையில் நின்று கணீரென்று பாடுவான். பிள்ளைகளைக் கேட்டால் சபைகளைக் கறி வைத்துத்தான் அடையாளம் சொல்வார்கள். முட்டைக் குழம்புச் சபை, சோயாச் சபை, உப்பில்லாத பருப்புச் சபை. பாஸ்டரம்மாமார் காதில் விழாமல் பார்த்துக்கொள்வது என் பாடு.

கஷ்டம்தான், ஆனாலும் எனக்கு அந்த வாழ்க்கை பிடிக்கும். மைக் பிடிக்கவும் பிடிக்கும். அதை ஒளித்துப் பிரயோசனம் இல்லை, ஏனென்றால் வினையே அங்கிருந்துதான் வந்தது.

மகன் மூன்றரை வயது வரை பேசவில்லை. கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். காதைச் சோதித்தார்கள். செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கி இருந்தது. சின்ன ஒபரேஷன் ஒன்று செய்து அதை எடுத்தார்கள். அதன்பிறகு ஒரு வருடத்துக்கு மேலாக, செவ்வாய்க்கிழமை தோறும் பேச்சுப் பயிற்சி கிளினிக். செவ்வாயில்தான் தமிழ் பேசும் மிஸ் இருப்பார். கண்ணாடி முன் உட்கார்ந்து வாயைக் குவித்து ஊதுவது, மெழுகுதிரியை அணைப்பது, படத்தைக் காட்டி 'பா, பா, பால்' என்பது. வீட்டிலும் அதையே நாள்தோறும் செய்தேன். கூடவே ஜெபித்தோம், அழுதோம், உபவாசம் இருந்தோம். மருந்தையும் தந்தது ஆண்டவர்தான், பேச்சையும் தந்தது ஆண்டவர்தான் என்று அன்றும் நம்பினேன், இன்றும் நம்புகிறேன்.

ஒருநாள் கம்பளையிலிருந்து திரும்பும்போது, நாங்கள் வேனில் பாடிக்கொண்டிருந்த பாட்டுக்கு நடுவே, பின்னாலிருந்து "அப்பா" என்று ஒரு குரல் வந்தது. கணவர் வேனை ஓரம் கட்டி, ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அம்மா என்று சொல்லவில்லையே என்று எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

இதைத்தான் சபைகளில் ஆண்டவர் செய்த நன்மைக்குச் சாட்சியாகச் சொன்னேன். முதல்முறை சொன்னபோது பதினைந்து நிமிடம் எடுத்தது. காது, நீர், ஒபரேஷன், மிஸ், மெழுகுதிரி எல்லாம் அதில் இருந்தன. பாதிப் பேர் கொட்டாவி விட்டார்கள், பாஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அதற்குப் பிறகு எங்கே போனாலும் சாட்சிக்கு ஐந்து நிமிடம்தான். ஐந்து நிமிடத்தில் அடக்க வேண்டுமானால் எதையாவது விட வேண்டும். ஆண்டவரை விட முடியாது. கிளினிக்கை விட்டேன்.

சேர்த்ததும் உண்டு. 'டாக்டர்மார் பார்த்தார்கள்' என்பது போகப் போக 'டாக்டர்மாருக்கும் முடியவில்லை' என்றானது. ஒருநாள் ஒரு தோட்டத்தில் நல்ல மழை. தகரக் கூரைச் சத்தத்துக்கு மேலே கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. கத்திய வேகத்தில் 'டாக்டர்மார் கைவிட்டுட்டாங்க!' என்று வாயில் வந்துவிட்டது. 'ஸ்தோத்திரம்!' என்று சபையே எழுந்து நின்றது. அடுத்த வாரம் மழை இல்லை. இருந்தும் அதையேதான் சொன்னேன்.

வீட்டில் இதைக் கவனிக்காமல் இல்லை. "அம்மா, இப்படியே போனா கிறிஸ்மஸுக்குள்ள தம்பி செத்து எழும்பிடுவான்" என்றாள் மகள். வாயை மூடு என்றேன். கணவர் ஒருநாள் வேன் ஓட்டிக்கொண்டே, "அந்த மிஸ்ஸப் பத்தி ஒரு வார்த்த சொல்லலாமே" என்றார்.

"அப்ப நீங்களே ஏறிச் சொல்லுங்க. மைக்கக் கண்டா ஒங்களுக்குத் தொண்டை அடைக்குது, எனக்குப் பாடம் எடுக்க வந்துட்டீங்க" என்று ஒரேயடியாக எரிந்து விழுந்தேன்.

அவர் கியரை மாற்றி ஓட்டினார். நான் எரிந்து விழுந்தால் அவர் வாயை மூடிக்கொள்வார். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான், அது எனக்கு வசதியாகப் போய்விட்டது. மகன் எதுவும் சொன்னதில்லை. நான் அவன் தோளில் கைவைத்துச் சாட்சி சொல்லும்போது தன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டு நிற்பான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மடுல்கெல்ல பக்கம் ஒரு தோட்டத்துச் சபைக்குப் போனோம். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பக்கத்தில் சுண்ணாம்பு பூசிய சின்ன மண்டபம். கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் வயர் இழுத்துக்கொண்டிருந்தபோது நாலு வயது மதிக்கத்தக்க ஒரு பெண்பிள்ளை வந்து, ஸ்பீக்கர் பெட்டியில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்தாள். பிறகு கன்னத்தையும் வைத்து அழுத்தினாள். மகள் கீபோர்டில் தடித்த சுரம் ஒன்றை அமுக்கியதும் அவளுக்கு ஒரே சிரிப்பு. அந்த நேரம் பார்த்து என் கையிலிருந்த மைக் ஸ்டாண்ட் சீமெந்துத் தரையில் தடாலென்று விழுந்தது. மண்டபமே திரும்பிப் பார்த்தது. அவள் மட்டும் திரும்பவில்லை.

மகனும் அந்த வயதில் இதே பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பான்.

பிள்ளையின் தாய் ஓடி வந்தாள். என்னைவிடப் பத்து வயது இளையவள். முகமெல்லாம் சந்தோஷம். "சிஸ்டர், ஒங்களுக்கு என்னையத் தெரியாது. கம்பளைக் கூட்டத்துல ஒங்க சாட்சியக் கேட்டேன். கேட்ட அன்னைக்கே முடிவெடுத்துட்டேன்."

"என்ன முடிவும்மா?"

"கிளினிக்க நிப்பாட்டிட்டேங்க. கண்டிக்கு ரெண்டு தடவ போனோம். காதுல டெஸ்ட் எடுக்கணும்னு தேதி குடுத்தாங்க. நான் போகல. டாக்டர்மாரு கைவிட்ட புள்ளையவே ஆண்டவர் பேச வச்சாரு, நான் எதுக்கு அங்க போயி நிக்கணும்? எட்டு மாசமா ஜெபத்துலதான் இருக்கேன்."

பரீட்சையில் முதலாவதாக வந்த பிள்ளை ரிப்போர்ட்டை நீட்டுகிற மாதிரி அவள் அதைச் சொன்னாள். பிறகு மகன் பக்கம் திரும்பி, "தம்பி ஒரே ஒரு தடவ அவ வாயில கைய வச்சு ஜெபிச்சாப் போதும்" என்றாள்.

மகன் என் சேலையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தான். "அம்மா, எனக்கு அது தெரியாது" என்றான் மெதுவாக.

அதற்குள் பாஸ்டர் ஆராதனையைத் தொடங்கிவிட்டார். மூன்று பாட்டு பாடினோம். மூன்றிலும் நான் இரண்டாம் குரலைத் தவறவிட்டேன். மகள் கீபோர்டுக்கு மேலாக முறைத்தாள். எட்டு மாதம் என்பதைத் தவிர வேறு எதுவும் என் தலைக்குள் இல்லை. சின்ன வயதில் போகிற மாதங்கள் திரும்பி வராது, ஒரு செவ்வாயும் தவறக் கூடாது என்று மிஸ் என்னிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். பயமாக இருந்தது. அந்தப் பிள்ளைக்காகப் பயந்தேன். உண்மையைச் சொன்னால் இனி யார் எங்களைக் கூப்பிடுவார்கள் என்றும் பயந்தேன். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன, அதை மறைக்க விரும்பவில்லை.

"இப்போ சிஸ்டர் சாட்சி சொல்லுவாங்க" என்றார் பாஸ்டர்.

அன்று மகனை முன்னால் நிறுத்தவில்லை. "நான் எப்பவும் சொல்ற சாட்சியில கொஞ்சம் விட்டுட்டேன்" என்று தொடங்கி, காதையும் நீரையும் ஒபரேஷனையும் மிஸ்ஸையும் மெழுகுதிரியையும் ஒன்று விடாமல் சொன்னேன். எந்த டாக்டரும் கைவிடவில்லை என்றேன். பிள்ளைகளுக்கு ஏதாவது என்றால் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள் என்று கும்பிட்டுக் கேட்டேன். இருபது நிமிடம் போயிருக்கும்.

பாஸ்டர் என் கையிலிருந்து மைக்கை வாங்கினார். "வைத்தியர்களையும் உண்டாக்கினது யாரு? நம்ம கர்த்தர்! அல்லேலூயா!" என்றார். மண்டபம் அதிரக் கைதட்டினார்கள். அவர் மேல் குற்றம் இல்லை, நல்ல மனிதர், கூட்டம் தொய்ந்து போகாமல் பார்த்துக்கொண்டார். ஆனால் நான் மன்னிப்புக் கேட்க ஏறியவள், கைதட்டு வாங்கிக்கொண்டு இறங்கினேன்.

சாப்பாட்டு நேரத்தில் அந்தத் தாயைத் தேடிப் போனேன். மண்டபத்துப் பின்படியில் உட்கார்ந்து பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து அதே சிரிப்பு. "எனக்குப் புரிஞ்சிருச்சு சிஸ்டர். என் விசுவாசத்தச் சோதிக்கத்தானே இன்னைக்கு மாத்திச் சொன்னீங்க? நான் அசைய மாட்டேன்."

மகன் தட்டோடு என் பின்னால் வந்திருந்தான். அவன்தான் பேசினான்.

"உண்மையாத்தான் ஆன்ட்டி. நான் மெழுகுதிரி ஊதினேன். நெறைய நாள். ஊதி ஊதித் தலை சுத்தும்."

"டாக்டர்மாரு ஒன்னையக் கைவிடலையா தம்பி?"

"இல்ல ஆன்ட்டி. மிஸ் டொபி எல்லாம் குடுப்பாங்க."

அவள் கை சோற்றுத் தட்டிலேயே நின்றுவிட்டது. பிள்ளை வாயைத் திறந்து வைத்துக்கொண்டு அடுத்த கவளத்துக்குக் காத்திருந்தாள். தாய் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "எட்டு மாசம்" என்று மட்டும் சொன்னாள். பிறகு கவளத்தை உருட்டி ஊட்டினாள்.

செவ்வாய்க்கிழமை வரச் சொன்னேன், நானும் வருகிறேன் என்றேன். வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய பேர் போய்விடும், நாள் சம்பளம் கிடைக்காது, கங்காணி ஏசுவார் என்றாள். வருவேன் என்றோ வரமாட்டேன் என்றோ சொல்லவில்லை. திரும்பும் வழியில் பன்வில தாண்டிய பிறகு கணவர், "செவ்வாய்க்கெழம நான் லீவு போடட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம், இது என் வேலை என்றேன். கோபமில்லாமல்தான் சொன்னேன்.

செவ்வாய் காலை ஏழு மணிக்கே ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றேன். எட்டு மணி ஆனது, எட்டரை ஆனது. வரமாட்டாள் என்று மனதைத் தேற்றிக்கொண்ட நேரத்தில், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ரோட்டைக் கடந்து வந்தாள். பஸ்ஸில் பிள்ளை வாந்தி எடுத்துச் சட்டையெல்லாம் நனைந்திருந்தது. குழாயடியில் வைத்து நான்தான் கழுவினேன்.

கிளினிக்கில் அதே மிஸ். தலைமுடி கொஞ்சம் நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் கதிரையிலிருந்து எழுந்து சிரித்தார். "ஒங்க மகன் சபையெல்லாம் போய்ப் பாடுறானாமே, கேள்விப்பட்டேன். எவ்வளவு சந்தோஷம் தெரியுமா!" என்று என் கையைப் பிடித்தார். பிறகு உட்கார்ந்து அந்தப் பிள்ளையின் கிளினிக் அட்டையை விரித்தார். சிரிப்பு போய்விட்டது.

"எட்டு மாசம் எங்க போனீங்க? டெஸ்ட்டுக்குத் தேதி குடுத்தும் வரல. இந்த வயசுல எட்டு மாசம்னா என்னன்னு தெரியுமா? பெத்த தாயே இப்படிச் செஞ்சா இந்தப் பிள்ளைக்கு வேற யாரு இருக்காங்க?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். என்னைக் காட்டியிருக்கலாம். இந்தச் சிஸ்டர் சொல்லித்தான் என்று ஒரு வார்த்தை போதும். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "தோட்டத்துல லீவு கெடைக்கல மிஸ்" என்றாள்.

மிஸ் பெருமூச்சு விட்டுப் பேனாவை எடுத்தார். நான் அப்படியே நின்றிருந்தால் அதோடு முடிந்திருக்கும். மேடையில் இருபது நிமிடம் பேசியும் 'விட்டுட்டேன்' என்றுதான் சொல்லியிருந்தேன். அதற்குச் சரியான சொல் எனக்குத் தெரியும், அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

"அவங்கள ஏசாதீங்க மிஸ்" என்றேன். "மைக்கப் பிடிச்சு நான் பொய் சொன்னேன். அவங்க நம்பிட்டாங்க."