உடம்பில் ஒட்டாத கீரை

அந்த வருடம் எனக்கு மட்டும் சீக்கிரம் இருட்டியது.

வானூர்ப் பக்கம் ஒரு சிறிய கம்பெனியில் வேலை பார்க்கிறேன். காய்கறியிலும் கீரையிலும் இருக்கும் சத்தைப் பிரித்தெடுத்து, உடம்பு எளிதில் ஏற்றுக்கொள்ளும்படி மாற்றித் தருகிற கம்பெனி அது. சாயங்காலம் வேலை முடிந்ததும் பைக்கில் திண்டிவனத்துக்குத் திரும்புவேன். ஒருநாள் கிளியனூர் தாண்டியதும் சாலை மெல்லக் கரைய ஆரம்பித்தது. மேற்கே வானம் வெளுப்பாகத்தான் இருந்தது. கீழே மரங்களும் வயலும் சாலையும் ஒரே சாம்பலாகக் கலந்துவிட்டன. ஏதோ ஏரிக்கு அடியில் வண்டி ஓட்டுகிற மாதிரி இருந்தது. எதிரில் வந்த லாரியின் வெளிச்சம் கடந்துபோன பிறகு வெகுநேரம் ஒன்றுமே தெரியவில்லை. ஏனோ பயம் வரவில்லை, தூக்கம் வருவது போல ஒரு மிதப்புதான். வண்டியை ஒரு டீக்கடையில் நிறுத்திவிட்டு பஸ்ஸில் வீடு வந்தேன்.

மனைவியிடம் சொன்னேன். அவளுக்கு ஏற்கெனவே சந்தேகம் இருந்திருக்கிறது. பொழுது சாய்ந்தால் நான் வாசற்படியைக் காலால் துழாவுவதைப் பார்த்திருக்கிறாள். மறுநாளிலிருந்து முருங்கைக்கீரை, பொன்னாங்கண்ணி, கேரட், பப்பாளி என்று தட்டு நிறைய வண்ணமாக வைத்தாள். நானும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன். ஆனாலும் சாயங்காலங்கள் இன்னும் முன்னதாகவே மங்கின.

"இவ்ளோ கீரை சாப்ட்டுக்கினு இருக்கீங்க. ஒண்ணுமே உடம்புல ஒட்டலியே, எல்லாம் எங்க போவுது?" என்றாள்.

அந்தக் கேள்வி வேலை செய்யும் இடத்திலும் கூடவே வந்தது. அங்கே எங்களிடம் ஒரு கண்ணாடி வயிறு உண்டு. உடம்புச் சூட்டில் வைத்த குடுவையில் முதலில் வயிற்றில் சுரப்பதைப் போன்ற அமிலத்தை ஊற்றுவோம், அப்புறம் பித்த உப்பு கலந்த குடல்நீர். உடம்பில் வைட்டமின் ஏ ஆக மாறும் கேரட்டின் ஆரஞ்சுச் சத்து தண்ணீரில் கரையாது. அதனால் எண்ணெயில் கரைத்து, கண்ணுக்குத் தெரியாத துளிகளாக உடைத்து, அமிலத்தில் உடையாமல் குடலில் போய்த் திறக்கும்படி மேலே ஒரு பூச்சு கொடுப்போம். குடல்நீர் பட்டதும் அது அவிழ்ந்து ஆரஞ்சுப் புகையாகப் பரவும். அன்று அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் என் ஆபரேஷன் நினைவுக்கு வந்தது. சில வருடங்களுக்கு முன் குடல் முறுக்கிக்கொண்டு, சிறுகுடலின் கடைசிப் பகுதியை வெட்டி எடுத்திருந்தார்கள். அதிலிருந்து எண்ணெய்ப் பண்டம் எதுவும் எனக்குச் செரிப்பதில்லை. கண்ணையும் குடலையும் அதுவரை நான் சேர்த்து யோசித்ததே இல்லை.

விழுப்புரத்தில் ஒரு கண் டாக்டரிடம் போனோம். ஆபரேஷன் என்றதும் அவர் கண்ணை விட்டுவிட்டு வயிற்றைப் பற்றியே கேட்டார். ரத்தத்தைச் சோதிக்கச் சொன்னார். வைட்டமின் ஏ மிகவும் குறைந்திருந்தது.

"பித்தத்தைத் திருப்பி எடுத்துக்கற பகுதிதான் உங்களுக்குப் போயிருக்கு. கொழுப்பைக் கரைக்கற பித்தம் பத்தலைன்னா இந்தச் சத்து உள்ளே ஏறாது" என்றார்.

முதலில் ஊசி போட்டார். அப்புறம் தண்ணீரோடு கலக்கும்படி செய்த வைட்டமின் மருந்தைத் தினமும் குடிக்கச் சொன்னார். கீரையை நிறுத்திவிடலாமா என்று மனைவி தயங்கிக் கேட்டாள். நிறுத்தவேண்டாம், அதில் வேறு நல்லதும் இருக்கிறது என்றார்.

சில வாரங்கள் கழித்து மறுபடி பரிசோதனைக்குப் போய்விட்டு, மாலை ரயிலில் திரும்பிக்கொண்டிருந்தோம். விக்கிரவாண்டி கடந்ததும் பொழுது சாய்ந்தது. வழக்கமான சாம்பல் எழும் என்று ஜன்னலோரம் காத்திருந்தேன். வரவில்லை. கரும்புத் தோகைகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக அசைந்தன.

மனைவி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்தாண்ட இன்னா தெரியுது, சொல்லுங்க."

"களத்துல மல்லாட்டை காயுது. ஒரு அம்மா தார்ப்பாய் போட்டு மூடிக்கினு இருக்காங்க."

"தார்ப்பாய் இன்னா கலரு?"

"நீலம்."

அவள் எட்டி, கடலை காயும் களத்தைப் பார்த்தாள். பிறகு என் தோளில் சாய்ந்துகொண்டாள். மயிலம் வரும்வரை அப்படியே இருந்தாள்.

அடுத்த வாரம் மேனேஜரிடம் பேசினேன். நம் கண்ணாடிக் குடலில் எப்போதும் பித்தம் தாராளமாக இருக்கிறது, எல்லா உடம்பும் அப்படி இல்லையே என்றேன். அவர் யோசித்துவிட்டு, பித்த உப்பைக் குறைத்து ஒரு முறை செய்து பார்க்கச் சொன்னார். சாதாரண எண்ணெயில் கரைத்த சத்து மேலே படலமாக மிதந்தது. நாங்கள் செய்த நுண்துளிகளும் முழுசாகக் கலக்கவில்லை, ஒரு பங்கு மட்டும் நீரில் இறங்கியது. அதை எப்படிக் கூட்டுவது என்பதுதான் இப்போது என் வேலை. மருந்தை இன்னும் குடித்துக்கொண்டிருக்கிறேன். குடுவையின் அடியில் அந்த ஆரஞ்சு மெல்லப் பரவுவதைப் பார்க்க, வேறு வேலை இருந்தாலும் நின்றுவிடுகிறேன்.