நாங்கள் பழைய வேட்டி தயாரித்த கதை

எட்டாவதோடு என் பள்ளிக்கூடம் நின்றுபோனது. அதன்பிறகு பல்லடம் பக்கம் ஒரு நூல் மில், திருப்பூரில் பனியன் கம்பெனி, பாலக்காட்டில் படுக்கையில் கிடந்த ஒரு முதியவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை, மறுபடி திருப்பூர், கடைசியில் சரவணம்பட்டியில் ஒரு ஐடி கம்பெனி கேண்டீன் என்று சுற்றிவிட்டேன். ஓர் ஊரை விட்டுக் கிளம்பும்போது ஒரு பையில் என்ன பிடிக்கிறதோ அது மட்டும்தான் என்னுடையது. மிச்சத்தை அப்படியே விட்டுவிட்டு பஸ் ஏறிவிடுவேன். இதை ஒரு குறையாக நான் நினைத்ததே இல்லை. ஒன்பதாம் மாதத்தில் ஆஸ்பத்திரி நர்ஸ் என்னிடம் பழைய துணி கேட்டபோதுதான் முழித்தேன்.

"பிரசவத்துக்கு வாரப்ப பழைய காட்டன் துணி கொண்டாந்துருங்க அம்மணி. வேட்டியோ சேலையோ, எதுன்னாலும் சரி. நல்லாத் தொவைச்சு வெயில்ல காய வெச்சது. புதுசு வேண்டாம், பச்சக் கொழந்தைக்கு ஒறுத்தும்."

"எத்தன பழசுங்க?"

"கையில எடுத்தா எடுத்ததே தெரியக் கூடாது. அத்தன பழசு."

அப்படி ஒரு துணி எங்கள் வீட்டில் இல்லை. என்னிடம் இருந்ததெல்லாம் நைலான் நைட்டியும், தண்ணீர் பட்டால் உதறின உடனே காய்ந்துவிடும் சுடிதாரும். என் கணவர் போர்வெல் வண்டியில் வேலை பார்ப்பவர். மத்தியப் பிரதேசம், ஒடிசா என்று மாதக்கணக்கில் பாறையைத் துளைத்துவிட்டு வருவார். கிளம்பும்போது எடுத்துப் போகும் துணி திரும்பி வருவதில்லை. ஆயிலும் சேறும் ஏறி, கழற்றி வைத்தால் தானாகவே நிற்கும். அங்கேயே எறிந்துவிட்டு வந்துவிடுவார்.

தாய் வீடு என்று ஒன்று இருந்தால் தலைப்பிரசவத்துக்கு அங்கே கூட்டிப் போவார்கள். கட்டுச்சோறு விருந்து வைத்து, வளையல் போட்டு, அழைத்துப் போவார்கள். அங்கே பீரோவின் அடித்தட்டில் பழைய வேட்டிகள் தாமாகவே இருக்கும். எனக்கு அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டாள். என் கணவருக்கோ அப்பா அம்மா முகமே தெரியாது. ஒரு லாரிப் பட்டறையில் வளர்ந்தவர். இரண்டு பக்கமும் பீரோ கிடையாது, அதனால் அடித்தட்டும் கிடையாது.

கடையில் வாங்கிவிட்டுப் போகலாமே என்று கேட்கலாம். அங்கேதான் சாங்கியம் குறுக்கே வந்தது. வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கென்று புதுசாக எதையும் வாங்கி வைக்கக் கூடாது. பிறந்ததும் முதலில் சுற்றும் துணி, பிள்ளை நல்லபடியாக இருக்கும் வீட்டுப் பழைய துணியாக இருக்க வேண்டும். நான் சாமி, சகுனம் எதையும் பெரிதாகக் கண்டுகொள்கிறவள் இல்லை. ஆனால் இதற்கு முன் ஒரு தடவை உண்டானபோது, திருப்பூரில் எக்ஸ்போர்ட்டில் கழித்துப் போட்ட குவியலில் ஒரு மஞ்சள் கவுனைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கி வைத்தேன். ஐந்தாம் மாதம் பிள்ளை தங்கவில்லை. கவுனால்தான் போயிற்று என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. நானும் சொல்லமாட்டேன். இந்தத் தடவை ஒரு நூல்கூடப் புதுசாக வீட்டுக்குள் வரக் கூடாது என்று மட்டும் முடிவாக இருந்தேன்.

எங்கள் லைன் வீடுகளுக்கு எதிரே மாடி வீட்டில் இருக்கும் வீட்டுக்கார அக்காவிடம் போய்க் கேட்டேன். அவர் இரண்டு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவர். இதைவிடத் தோதான வீடு கிடைக்காது.

"பழசா? போன வாரந்தான் அம்மணி பக்கெட்டுக்காரன்கிட்டப் போட்டேன். எல்லாத்தையும் மூட்டை கட்டிக் குடுத்து அந்த நீல பக்கெட்ட வாங்கினேன். மூடியோட குடுத்தான்."

"வேட்டி ஏதாச்சும் மிச்சம் இருக்குதுங்களா?"

"அவரு இப்ப ஒட்டற வேட்டிதான் கட்டறாரு. அதுல கொழந்தைய சுத்துனா வேட்டியோட ஒட்டிக்கும். வேணும்னா அந்தப் பக்கெட்ட எடுத்துக்குங்க."

அன்று சாயங்காலம் என் கணவர் ஊரிலிருந்து வந்து சேர்ந்தார். பிரசவம் வரைக்கும் இருப்பதாக லீவு சொல்லிவிட்டு வந்திருந்தார். கையில் ஒரு துணிக்கடைப் பை. வரும் வழியில் ஈரோட்டில் இறங்கி, மனசு கேட்காமல் காட்டன் வேட்டிகளாக வாங்கி வந்திருந்தார். கஞ்சி போட்ட புது வேட்டிகள். மேஜைமேல் வைத்தால் டொக்கென்று சத்தம் கேட்கும்.

நான் வாசலிலேயே மறித்துவிட்டேன்.

"உள்ள கொண்டு வராதீங்க. சொல்லிப்போட்டேன்."

"அட, வேட்டி அம்மணி. பாம்பா?"

"புதுசு. பொறக்கறதுக்கு முன்னால புதுசு ஆகாது."

அவருக்கும் அந்தக் கவுன் விஷயம் தெரியும். பையோடு வாசற்படியில் உட்கார்ந்து தலையைச் சொறிந்தார். இப்படிச் சொறிந்தார் என்றால் ஏதோ ஏடாகூடமாக ரோசனை வரப்போகிறது என்று அர்த்தம்.

"நீ பனியன் கம்பெனில இருந்தப்ப ஒண்ணு சொன்னியே. புது ஜீன்ஸப் பழசாக்கறதுக்குன்னே ஒரு எடம் இருக்குதுன்னு."

சொன்னேன்தான். வாஷிங் பட்டறை. பெரிய டிரம்மில் புது ஜீன்ஸையும் கல்லையும் சேர்த்துப் போட்டுச் சுற்றுவார்கள். வெளியே வரும்போது பத்து வருஷம் உழைத்த துணி மாதிரி இருக்கும்.

"வெள்ளைக்காரன் காசு குடுத்துப் பழசாக்கறான். நாம சும்மா ஆக்கப் போறோம். அப்பறம் இது யாருக்கு வாங்குனது? எனக்கு. நான் கட்டறேன். நான் கட்டிக் கழிச்சுப் போட்டா அது பழசு. சாங்கியத்துக்கு இதுல என்ன நட்டம்?"

யோசித்துப் பார்த்தேன். சாங்கியத்தில் ஓட்டை இருப்பது மாதிரித்தான் தெரிந்தது. சரி, வேட்டி அவருடையது என்ற பேரில் உள்ளே வந்தது.

முதல் வேட்டியை அவர் பக்கத்துத் தெருவில் கட்டிக்கொண்டிருந்த அபார்ட்மெண்டுக்கு எடுத்துப் போனார். அங்கே கலவை மெஷின் ஓட்டுகிறவர் அவருக்குப் பழக்கம். டிரம்மை நன்றாகக் கழுவிவிட்டு, தண்ணீர் ஊற்றி, வழுவழுப்பான கல்லாகப் பொறுக்கிப் போட்டு, வேட்டியையும் போட்டு ஓடவிட்டிருக்கிறார்கள். சாப்பிட்டுவிட்டு வந்து நிறுத்தியிருக்கிறார்கள். திரும்பி வந்தது வேட்டி இல்லை. சிமெண்ட் நிறத்தில் ஒரு கயிறு. எங்கிருந்து அவிழ்ப்பது என்றே தெரியவில்லை.

"கல்லு கொஞ்சம் ஜாஸ்தி ஆயிப்போச்சு" என்றார்.

"கொழந்தைக்குத் துணி கேட்டா ஊஞ்சலுக்குக் கயிறு கொண்டாந்திருக்கீங்க."

அதன்பிறகு மெஷினை விட்டுவிட்டு உடம்பையே நம்புவது என்று முடிவானது. என் கணவர் பிறந்ததிலிருந்து வேட்டி கட்டியவர் அல்ல. எங்கள் கல்யாணத்தன்றுகூட உள்ளே பேண்ட் போட்டு மேலே வேட்டியைச் சுற்றியவர். இப்போது பெல்ட் போட்டு வேட்டி கட்டினார். படுத்தாலும் வேட்டி, எழுந்தாலும் வேட்டி. குளித்துவிட்டு அதிலேயே தலை துவட்டினார். மத்தியானம் சுருட்டித் தலைக்கு வைத்துத் தூங்கினார். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று மாற்றி மாற்றிக் கட்ட, கட்டியதையெல்லாம் நான் வயிற்றைத் தூக்கிக்கொண்டு அக்கா கொடுத்த நீல பக்கெட்டில் சுடுதண்ணீர் ஊற்றி ஊறப்போட்டேன். அவர் துவைக்கிற கல்லில் அடித்தார். பாறையைத் துளைக்கிற கை. அவர் அடித்த அடியில் கஞ்சி மட்டும் போகவில்லை, கரையும் வெளுத்தது.

அந்த வாரம், லீவில் சும்மா இருப்பானேன் என்று, பக்கத்து ஊரான கணபதியில் ஒரு லேத்துப் பட்டறைக்குத் தினக்கூலி வேலைக்குப் போனார். முதலாளி வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார். சுற்றுகிற மெஷினுக்குப் பக்கத்தில் வேட்டியோடு நின்றால் அது வேட்டியை மட்டும் இழுக்காது, ஆளையும் சேர்த்து இழுக்கும் என்று. முதலாளி சொன்னது நியாயம். பேண்ட் போட்டுக்கொண்டு போங்கள் என்றேன். "அப்பறம் வேட்டி எப்படிப் பழசாகும்?" என்று வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டார். நான் கேண்டீனில் சேர்த்து வைத்திருந்ததில் அடுப்பு எரிந்தது.

லைன் வீடுகளில் பேச்சு கிளம்பிவிட்டது. வீட்டுக்கார அக்கா மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"ஏனுங் தம்பி, எலக்சன்ல நிக்கறீங்களா?"

"இல்லீங்க்கா."

"அப்ப மாலை போட்டிருக்கீங்களா?"

"அதெல்லாம் இல்லீங்க்கா. பழசாக்கறனுங்க."

"எதைய?"

"வேட்டியைங்க."

அக்கா கொடியில் வரிசையாகத் தொங்கிய வேட்டிகளையும், தொட்டியில் இறங்கியிருந்த தண்ணீர் மட்டத்தையும் பார்த்தார். அவருக்குக் கோபம் வந்தால் வீட்டுப் பேச்சான தெலுங்குக்குத் தாவிவிடுவார். தாவினார். என்ன சொன்னார் என்று தெரியாது. நல்லதாக இருந்திருக்காது. ஆனாலும் சாயங்காலம் கீழே இறங்கி வந்து, ஒரு வேட்டியைக் கையில் எடுத்துக் கசக்கிப் பார்த்து, "இன்னும் மொறமொறங்குது. சோப்பைக் கொறைங்க, சூடா அலசுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆஸ்பத்திரியில் பொம்பளை ஆள் ஒருத்தர் கூட இருந்தே ஆக வேண்டும், நான் வருகிறேன் என்று படியில் நின்றபடியே சொன்னதும் அன்றைக்குத்தான்.

ராத்திரியில் பிள்ளை அசையாமல் கொஞ்ச நேரம் இருந்தால் எனக்குத் தூக்கம் போய்விடும். அவரை எழுப்பமாட்டேன். காலையில் அவர் கட்டியிருக்கும் வேட்டியின் முனையை இழுத்து விரலில் தேய்த்துப் பார்ப்பேன். தினமும் ஒரு பொட்டு மிருதுவாகிக்கொண்டு வந்தது. அது மிருதுவாக ஆக, உள்ளே இருப்பதும் நல்லபடியாக இருக்கிறது என்று நானாகவே ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

வலி வந்தது ஒரு காலை நேரத்தில். அவர் இடுப்பில் இருந்தது போக மற்ற எல்லா வேட்டிகளையும் துவைத்து அப்போதுதான் கொடியில் போட்டிருந்தோம். சொட்டிக்கொண்டிருந்தன. ஆட்டோ வந்துவிட்டது. அவர் கொடியிலிருந்து அத்தனையையும் உருவி, அக்காவின் நீல பக்கெட்டில் திணித்துக்கொண்டு ஏறினார். அக்கா உடுத்தியிருந்த துணியோடு ஓடிவந்து ஏறினார். வழி முழுக்க என் கணவர் ஒரு வேட்டியை ஆட்டோவுக்கு வெளியே நீட்டிப் பிடித்துக் காயவைத்துக்கொண்டே வந்தார். பின்னால் பைக்கில் வந்தவன் முகத்தில் அது ஒருமுறை அறைந்தது. அவன் கத்தினான்.

"பிரசவமுங்க, பிரசவமுங்க!" என்று இவர் பதிலுக்குக் கத்தினார்.

"யாருக்கய்யா, வேட்டிக்கா?"

நான் வலியில் அக்காவின் கையைக் கடித்துக்கொண்டிருந்தேன். இருந்தும் சிரிப்பு வந்தது. சிரித்தால் இன்னும் வலித்தது.

உள்ளே நடந்ததை விவரிக்க ஒன்றுமில்லை. எல்லாரும் படுகிற பாடுதான். கடைசியில் பிள்ளை வெளியே வந்துவிட்டது என்று மட்டும் தெரிந்தது. சத்தம் வரவில்லை. நர்ஸ் முதுகைத் தேய்ப்பது தெரிந்தது. நான் வேட்டியை நினைத்தேன். கஞ்சி முழுக்கப் போயிருக்குமா, போயிருக்காதா என்று நினைத்தேன். அந்த நேரத்தில் அதைத்தான் நினைத்தேன். பிறகு அழுகை வந்தது. பஸ் ஸ்டாண்டில் டிக்கெட்டுக்குச் சண்டை போடுகிற மாதிரி ஓர் அழுகை.

"பொண்ணுங் அம்மணி" என்றார் நர்ஸ்.

மற்றதெல்லாம் பிறகு அக்கா சொல்லித் தெரிந்தது. ஆயா கதவைத் திறந்து துணி கேட்டிருக்கிறார். பக்கெட்டில் இருந்தது எல்லாம் ஈரம், ஆட்டோவில் நீட்டிப் பிடித்தது ஒரே புழுதி. என் கணவர் ஒரு கணமும் யோசிக்காமல் பெல்ட்டை அவிழ்த்து, கட்டியிருந்த வேட்டியை உருவி நீட்டியிருக்கிறார். உள்ளே அரைக்கால் சட்டை இருந்தது. கடவுள் புண்ணியம்.

"அடப் பாவி மனுசா" என்றாராம் ஆயா. "ரோட்டுல பொரட்டிட்டு வந்த வேட்டியிலயா பச்சப் புள்ளையச் சுத்துவாங்க? போய்க் கட்டுங்க முதல்ல."

அக்கா ஒரு தூணுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றிருந்தார். எப்போதும் பளபளவென்று சேலை உடுத்தி வெளியே வருகிறவர். அன்று வீட்டில் கட்டுகிற பழைய காட்டன் சேலையோடு வந்துவிட்டதால் யார் கண்ணிலும் படக் கூடாது என்று நின்றிருந்தார். துவைத்துத் துவைத்து நிறமே இல்லாமல் போன சேலை. அன்று காலையில்தான் குளித்துக் கட்டியது. பக்கெட்டுக்காரனுக்குப் போட்ட அன்று அது அவர் உடம்பில் இருந்ததால் தப்பித்திருக்கிறது. ஆயா அதைப் பார்த்தார். அக்கா ஆயாவைப் பார்த்தார். தெலுங்கில் ஏதோ சொல்லிக்கொண்டே முந்தானையை வாயில் கவ்வி ஒரே கிழியாகக் கிழித்துக் கொடுத்துவிட்டார். அவர் உடம்பு வாகுக்குச் சேலை ஏற்கெனவே பத்தாது. மிச்சத்துக்கு ஓர் ஈர வேட்டியை எடுத்துத் தோளில் போர்த்திக்கொண்டு அன்று முழுக்க அந்த வராந்தாவில் நின்றார்.

மறுநாள் வெயிலுக்கு வார்டு ஜன்னல் கம்பியெல்லாம் எங்கள் வேட்டிகள். ஆண்களை உள்ளே விடமாட்டார்கள் என்பதால் என் கணவர் வெளியே நின்று ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். என் மகள் விடாமல் அழுதுகொண்டிருந்தாள். பக்கத்துப் படுக்கையில் ஒரு பெண், அன்றோ மறுநாளோ பிரசவம் என்று இருந்தவள். அவள் அத்தை எழுந்து என்னிடம் வந்தார்.

"அம்மணி, நாங்க அவசரத்துல துணி எடுக்காம வந்துபோட்டோம். உங்கூட்டுப் புள்ள நல்லாத் தெம்பா அழுவுது. அந்த ஊட்டுப் பழைய துணி ஒண்ணு குடுத்தீங்கன்னா எங்க புள்ளைக்கு வெச்சுக்குவோம்."

நான் ஜன்னலிலிருந்து நன்றாகக் காய்ந்த ஒன்றை உருவி நீட்டினேன். அந்த அம்மாள் கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

"அடேயப்பா, பூவாட்டம் இருக்குதே. எத்தன வருசத்துத் துணிங்க இது?"

என் கணவர் ஜன்னலுக்கு வெளியே வாயைத் திறந்தார். உண்மையைச் சொல்லிவிடுகிற முகம் அவருக்கு. அதற்குள் அக்கா முந்திக்கொண்டார்.

"அதுங்ளா? அது இந்தத் தம்பியோட தாத்தா கட்டுனதுங்க. பெரிய மனுசர். வேட்டின்னா அத்தன சுத்தம். ஆறு புள்ளைங்க அவருக்கு, ஆறும் நல்லா இருக்குது."

என் கணவர் திறந்த வாயை மூடவில்லை. தனக்கு ஒரு தாத்தா இருந்த செய்தியே அவருக்கு அன்றுதான் தெரியும்.

"ஆமாங்க" என்றார் கடைசியில். "கொஞ்சம் கோபக்காரருங்க."