தூங்கும் தேனீக்களைத் தேடிய வேலை

முதல் நாள்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், செத்த தேனீ ஒன்றை மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்து, "என்ன தெரியுதுன்னு சொல்லுங்க" என்றார் டாக்டர் ரேவதி. அந்த ஆய்வுக்கூடத்தின் தலைவர் அவர். வயதில் என்னைவிட மிகவும் இளையவர்.

மைக்ராஸ்கோப் எனக்குப் புதிதல்ல. சிங்கப்பூரின் வடக்கே, உட்லண்ட்ஸில் ஒரு சிப் தொழிற்சாலையில் நெடுங்காலம் வேஃபர் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தவள் நான். பளபளக்கும் சிலிக்கான் தட்டில் கீறலோ தூசியோ இருக்கிறதா என்று பார்த்துக் கழித்துக்கட்டும் வேலை. அந்தப் பிரிவை மூடியபோது எங்கள் எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மறுபயிற்சி வகுப்பில் சேர்ந்து, லேப் டெக்னீஷியன் வேலைக்கு மனுப்போட்டு, எப்படியோ தேனீக்களிடம் வந்து சேர்ந்தேன்.

"ரெக்கை ஓரத்துல கிழிஞ்சிருக்கு. கால்ல தூசி" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "நூர் அக்கா, ரிஜெக்ட் பண்ணாதீங்க லா. அது தூசி இல்ல, மகரந்தம். என்ன குறைன்னு தேடாம, என்ன இருக்குன்னு பாருங்க."

மறுபடி குனிந்தேன். நெஞ்சு முழுக்கப் பொன்னிற மயிர். வயிற்றைச் சுற்றி நீலப் பட்டைகள். விடியும் முன் உட்லண்ட்ஸ் கடலோரத்தில் தண்ணீர் ஒரு நிறத்தில் இருக்குமே, அந்த நீலம். விளக்கைக் கொஞ்சம் நகர்த்தினேன், பச்சையாகிவிட்டது. திருப்பி நகர்த்தினேன், நீலம் வந்தது. தலையைத் தூக்கியபோது அறையில் யாரும் இல்லை. எல்லாரும் சாப்பிடப் போய்விட்டார்கள். எனக்குப் பசிக்கவே இல்லை.

வாயால் கவ்வித் தூங்குவது

அடுத்த சில மாதங்கள் பயிற்சி. வலை வீசிப் பிடிப்பது, ஊசி குத்திக் காயவைப்பது, நனைந்த மயிரை மெல்லிய பிரஷால் கோதிவிடுவது, டி.என்.ஏ. சோதனைக்கு ஒரு காலை மட்டும் பிய்த்தெடுப்பது. எல்லாம் கை பழகினால் வந்துவிடும். பழகாதது ஒன்றே ஒன்று.

ஒரு நாள் அந்தி நேரத்தில் டாக்டர் ரேவதி என்னை ஒரு கம்பிவேலிக்கு அழைத்துப்போனார். வேலியில் காய்ந்த கொடி ஒன்று தொங்கியது. வெளிச்சம் மங்க மங்க, நீலப்பட்டைத் தேனீக்கள் ஒவ்வொன்றாக வந்தன. கொடியை வாயால் கவ்வின. கால்களை மடக்கிக்கொண்டன. அவ்வளவுதான், தூங்கிவிட்டன. பிடிப்பு முழுக்கத் தாடையில்தான். உடம்பு காற்றில் நீட்டிக்கொண்டிருந்தது. ஒன்றையொன்று ஒட்டி, காம்பு முழுவதும் நீல மொட்டு விட்டதுபோல் இருந்தது.

பின்னால் சாலையில் பஸ்கள் போய்க்கொண்டுதான் இருந்தன. எனக்கு அவை வெகுதூரத்தில் கேட்டன.

"டவுன்ல காஞ்ச கொடின்னா உடனே வெட்டிடறாங்க. இதுங்க எங்க தூங்குதுன்னு நமக்குத் தெரிஞ்சாத்தான் எதை விட்டுவைக்கச் சொல்றதுன்னு தெரியும்" என்றார் அவர். அதற்காக ஆரம்பித்ததுதான் எங்கள் மக்கள் அறிவியல் திட்டம். பொதுமக்கள் அந்தியில் தேடிப் பார்த்து, படம் எடுத்து அனுப்ப வேண்டும். லிட்டில் இந்தியா வட்டாரத்துக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பு என்னுடையது. பூக்கட்டும் கடைக்காரர் வந்தார், பஸ் ஓட்டுநர் ஒருவர் வந்தார், கல்லூரி மாணவிகள் வந்தார்கள்.

பிறகு புஷ்பா வந்தார்.

"உங்களுக்கு ஆராய்ச்சி, எனக்கு உசுரு"

சமூக மன்றத்து அறையில் நான் ஸ்லைடு காட்டிக்கொண்டிருந்தேன். கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்தார். ஐம்பது வயது இருக்கும். கைப்பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார்.

"மேடம், நான் கத்துக்க வரல. கம்ப்ளெய்ன் பண்ண வந்திருக்கேன்."

ஜாலான் புசார் பக்கம் ஓர் அடுக்குமாடி புளோக்கில் அவர் குடியிருக்கிறார். கீழே தோட்டத்து வேலியில் காய்ந்த கொடி. அதில் தினமும் தேனீ அடைகிறது. கொடியை வெட்டச் சொல்லி நகர மன்றத்திடம் கேட்டாராம். ஆய்வுக்காக விட்டுவைத்திருக்கிறோம் என்று பதில் வந்ததாம். விட்டுவைக்கச் சொன்னது நான்தான்.

"எனக்குத் தேனீ அலர்ஜி. ஒரு தடவை கொட்டி, தொண்டை அடைச்சு, ஐ.சி.யூ.ல கிடந்தேன்." கைப்பையிலிருந்து, கொட்டினால் உடனே தொடையில் குத்திக்கொள்ளும் அட்ரினலின் ஊசிப் பேனாவை எடுத்துக் காட்டினார். "இது இல்லாம நான் வெளிய போறதே இல்ல. உங்களுக்கு ஆராய்ச்சி, எனக்கு உசுரு."

இந்த மாதிரிக் கேள்விகளுக்கு எங்களிடம் தயாராகப் பதில்கள் உண்டு. நகரத்துக்குத் தேனீ எவ்வளவு முக்கியம் என்று தொடங்கும். அதை நான் எடுக்கவில்லை. அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீங்க பார்த்ததச் சொல்லுங்க, சிஸ்டர்" என்று மட்டும் கேட்டேன்.

அவர் சொன்னார். வேலை முடிந்து வரும்போதெல்லாம் தூரத்தில் நின்று பார்ப்பாராம், எல்லாம் அடங்கிய பிறகு தாண்டிப் போக வேண்டுமே. மழை தூறினால் சீக்கிரமே வந்துவிடுமாம். கடைசியாக வருவது இடமில்லாமல் மற்றதை முட்டித் தள்ளுமாம். தள்ளப்பட்டது கொஞ்சம் சுற்றிவிட்டு நுனியில் போய் ஒட்டிக்கொள்ளுமாம். சொல்லச் சொல்ல அவர் குரலில் கோபம் குறைந்துவிட்டது. அவருக்கே அது தெரிந்திருக்காது.

அடுத்த வாரம் சிறிய மைக்ராஸ்கோப் ஒன்றை எடுத்துக்கொண்டு போய் ஆணையும் பெண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். ஆணுக்கு ஒரு பட்டை கூடுதல். கொடுக்கு கிடையாது.

"பெண் மண்ணுக்குள்ள வளையில படுத்துக்கும். இப்படி வெளிய கொடியில கூட்டமாத் தூங்குறது ஆண்."

"வீடு இல்லாத ஆம்பளைங்களா?" முதல் தடவையாகச் சிரித்தார். உடனே முகம் மாறியது. "நிச்சயமா கொட்டாதா?"

"ஆணால கொட்ட முடியாது. ஆனா உங்க தோட்டத்துக்கு வர்ற எல்லாத் தேனீக்கும் என்னால கேரண்டி குடுக்க முடியாது, சிஸ்டர்."

கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "அப்படி ஒளிக்காமச் சொன்னீங்களே. சரி, இருக்கட்டும். நான் பின்பக்கப் படியில போய்க்கிறேன்."

கொடி இருந்த இடம்

பிறகு ஒரு சாயங்காலம் தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. புஷ்பா.

"மேடம், வேலிக் கொடியச் சுத்தமா வெட்டிட்டாங்க. நான் சொல்லல. சத்தியமா நான் சொல்லல. புதுசா வந்த தோட்டத்து ஆளுங்க போல. அதுங்க வந்து அங்கயே சுத்துது. தூங்க இடமில்ல. என்ன செய்றது?"

மீனைக் கடையிலேயே வைத்துவிட்டு நடந்தேன், பாதி ஓடினேன். புஷ்பா வேலியிலிருந்து தள்ளி நின்றார். வேலியில் வெறும் கம்பிதான் இருந்தது. கொடி முன்பு எந்த உயரத்தில் தொங்கியதோ சரியாக அதே உயரத்தில், காற்றில், தேனீக்கள் அசையாமல் நின்று பறந்தன. ஒன்று முன்னால் வந்து எதையோ கவ்வப் பார்க்கும். ஒன்றும் இருக்காது. பின்வாங்கி மறுபடி வரும். கொடியை வெட்டிவிட்டார்கள் என்று அவற்றிடம் யார் சொல்வது?

காய்ந்த குச்சிகளைப் பொறுக்கி மண்ணில் நட்டேன். தேனீக்கள் அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. அப்போது ஒன்று மேலே எழும்பியது. பின்னாலேயே இன்னொன்று. இரண்டாம் மாடிக் காரிடாரில் ஒரு வீட்டு வாசலில் துளசித் தொட்டிகள் இருந்தன. தொட்டிக்கு மேலே, செடி கட்டித் தொங்கவிட்ட பழைய பிளாஸ்டிக் கயிறு. முதல் தேனீ அதைக் கவ்வியது.

"அது என் வீடு" என்றார் புஷ்பா.

நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மற்றவையும் போய் வரிசையாக ஒட்டிக்கொண்டன. கதவிலிருந்து கைக்கெட்டும் தூரம்.

"சிஸ்டர், நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். எல்லாத்தையும் டியூப்ல பிடிச்சு வேற எங்கயாவது விட்டுடறேன்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

அவர் பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டார். படியேறினார். ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறினார். நான் முன்னால் போய்ச் சிவப்புக் கண்ணாடி போட்ட டார்ச்சை அடித்தேன். சிவப்பு வெளிச்சம் தேனீ கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொன்றின் பட்டைகளையும் எண்ணினேன்.

"எல்லாம் ஆண்" என்றேன்.

அவர் மெல்லக் கிட்டே வந்தார். மூச்சு வாங்கியது. பார்த்துக்கொண்டே நின்றார். கயிறு காற்றில் ஆடியது, தேனீக்களும் சேர்ந்து ஆடின. ஒன்றின் உணர்கொம்பு மட்டும் லேசாகத் துடித்து அடங்கியது.

"கனவு காணுமா, மேடம்?" என்று கிசுகிசுத்தார்.

"தெரியல, சிஸ்டர். யாருக்கும் தெரியாது."

அவர் தலையசைத்தார். பிறகு சாவியை எடுத்து, இரும்புக் கதவு சத்தம் போடாதபடி இரண்டு கைகளாலும் தூக்கிப் பிடித்துத் திறந்தார். ஒருக்களித்து உள்ளே நுழைந்தார். உள்ளிருந்து, "கால் கழுவிட்டு வாங்க, டீ போடறேன். மெதுவாப் பேசுங்க" என்றார்.

பிறகு

மறுநாளே அவர் தன் டாக்டரிடம் போய்க் கேட்டார். எச்சரிக்கையாக இருந்தால் சரி, பேனா பக்கத்திலேயே இருக்கட்டும் என்று டாக்டர் சொன்னாராம். அதன்பின் தினமும் அந்தியில் எனக்குப் படம் வரும். எல்லாப் படத்திலும் ஒரே கயிறு, ஒரே நீலம். நான் உட்லண்ட்ஸ் ரயிலில் நின்றுகொண்டே பார்ப்பேன். என்னைச் சுற்றி வேலை முடிந்தவர்கள் கம்பியைப் பிடித்தபடி கண்ணயர்ந்திருப்பார்கள்.

கயிற்றில் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. ஒரு நாள் படம் வரவில்லை, போன் வந்தது. "இன்னிக்கு ஒண்ணுகூட வரல, மேடம்."

"ஆணுக்கு ஆயுசு கம்மி, சிஸ்டர். சில வாரந்தான்."

"அப்ப அதுங்க வாழ்க்கையில முக்கால்வாசித் தூக்கம் எங்க வாசல்லதானா?" என்றார்.

டாக்டர் ரேவதியிடம் இதைச் சொன்னபோது அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அடுத்த பயிற்சி வகுப்பில் முதலில் பேச புஷ்பாவைத்தான் அழைத்தோம்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். புகார் சொல்லிப் போன் வந்தால் விளக்கம் கொடுக்க அவசரப்படாதீர்கள். எங்கே, எப்போது, என்ன பார்த்தீர்கள் என்று கேளுங்கள். ஆசைப்பட்டுப் பார்க்கிறவரைவிடப் பயந்து பார்க்கிறவர் பல சமயம் கூர்மையாகப் பார்த்திருப்பார். அவருக்குத் தெரிந்ததைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகு அவரும் நீங்களும் ஒரே பக்கம் நின்று பார்க்க ஆரம்பித்திருப்பீர்கள்.