கையைத் தூக்கின நாள்

எங்கடை மாதா கோயிலிலை தவக்காலத்திலை தியானம் நடக்கும். பாதர் "கண்ணை மூடி மனசை ஒருநிலைப்படுத்துங்கோ" எண்டுவார். நான் கண்ணை மூடினால் போதும், அடுப்பிலை விட்டிட்டு வந்த மீன்குழம்புதான் வரும். உது எனக்குச் சரிவராது எண்டு விட்டிட்டன்.

பிறகு கண்ணிவெடி எடுக்கிற வேலையிலைதான் அதைப் படிச்சன், அதுவும் கண்ணை முழிச்சுக்கொண்டு.

முழங்காலிலை இருந்தால் முன்னாலை ஒரு முழம் மண். டிடெக்டர் சத்தம் போட்டால் பக்கவாட்டிலை இருந்து மெல்ல மெல்லச் சுரண்டவேணும். அனேகமா ஆணியும் தகரமும்தான் வரும். ஆபத்தே அதிலைதான். "இதுவும் ஆணிதான்" எண்டு மனம் முந்திச் சொல்லிப்போடும். முதல் நாளே சுப்பர்வைசர் சொன்னவர்: "மனம் வேறை எங்கையும் போனால் கையைத் தூக்கிப்போட்டு வெளியிலை வா. ஏன் எண்டு கேக்கமாட்டன்."

மயிலிட்டிப் பக்கம் ஒரு காணி. சொந்தக்காரர் மரியதாஸ் ஐயா நாள்தவறாமல் சைக்கிளிலை வந்து எல்லை நாடாவுக்கு வெளியிலை நிப்பார். அவற்றை மனுசி படுத்த படுக்கை. தன்ரை கிணத்துத் தண்ணி ஒரு வாய் குடிச்சிட்டுத்தான் சாவன் எண்டு ஒரே பிடியாம். கிணத்தடிக்கு இன்னும் கொஞ்ச மண்தான் கிடந்தது.

"பிள்ளை, இண்டைக்கு முடிச்சுப்போடுவியோ? அவ இரவு தாண்டமாட்டா போலை கிடக்கு."

"பாப்பம் ஐயா."

காலமை முழுக்க ஆணி. பின்னேரம் இன்னொரு சத்தம். சுரண்டத் தொடங்கினன். கை தன்ரை பாட்டிலை ஓடுது. திடீரெண்டு விளங்கிச்சு: நான் மண்ணைப் பாக்கேல்லை. ஒருநாளும் காணாத அந்த அம்மாவின்ரை முகத்தைப் பாத்துக்கொண்டிருக்கிறன். கையைத் தூக்கினன்.

"வெளியிலை வா தங்கச்சி," எண்டார் சுப்பர்வைசர்.

"மனம் இங்கை இல்லை, சேர்."

வேலை முடியிற நேரமும் ஆகிட்டுது. அவர் வேறை ஆளை இறக்கேல்லை.

ஐயா கத்தினார்: "உந்தா தெரியுது கிணறு! உனக்கு நெஞ்சிலை ஈரமே இல்லையோ?"

நான் எங்கடை வேலை வானுக்குள்ளை ஏறி இருந்து அழுதன்.

அந்த அம்மா அண்டிரவே போயிட்டா.

அடுத்த நாள் அதே இடத்திலை முழங்காலிலை இருந்தன். மண்ணை மட்டும் பாத்தன். கொஞ்சம் சுரண்ட, மிதிவெடியின்ரை விளிம்பு தெரிஞ்சது.

காணியைத் துப்பரவாக்கித் திருப்பிக் குடுத்த பிறகு ஐயா கிணறு இறைச்சார். மிதிவெடி வந்ததைச் சுப்பர்வைசர் அவருக்குச் சொல்லிப்போட்டார் போலை.

"அண்டைக்கு நீ கை வைச்ச இடத்திலையோ பிள்ளை?"

"ஓம் ஐயா."

ஐயா முதல் வாளித் தண்ணியை எனக்கு வாத்தார். அது அவவுக்கு வைச்ச தண்ணி. ரெண்டு கையாலையும் ஏந்திக் குடிச்சன்.

வேலைக்குப் புதுசா வாற பிள்ளையளுக்கு நான் சொல்லுறது இதுதான்: கோபம் வந்தால், பசி வந்தால் மட்டுமில்லை, இரக்கம் வந்தாலும் கையைத் தூக்குங்கோ.